உலக முடிவுக்குப் போட்ட திட்டம்

நான் பயந்தாங்கொள்ளி என்பதை என் மனைவி கல்யாணமான முதல் மாதமே கண்டுபிடித்துவிட்டாள். அட்டைக்கோ பாம்புக்கோ பயப்படுகிற ஆள் இல்லை நான். நாலு பேர் என்ன சொல்வார்களோ என்பதற்குத்தான் பயம். பதுளைச் சந்தைக்குப் போனால்கூட அவளைப் பத்தடி பின்னால் வரவிட்டு நான் முன்னால் நடப்பேன். "என்னமோ நான் ஒங்கள வெரட்டிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கு" என்று பின்னாலிருந்து சொல்லிச் சிரிப்பாள். அப்போது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அவள் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. இப்போது சந்தைக்குத் தனியாகத்தான் போகிறேன்.

பதுளையிலிருந்து ஸ்பிரிங்வெளிப் பக்கமாக ஏறும் பாதையில் இருந்தது எங்கள் தோட்டம். நான் ஸ்டோரில் வேலை செய்தேன். தேயிலைத் தொழிற்சாலையை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். மேல்மாடியில் கொழுந்தைப் பரப்பி வாட்டுவது என் வேலை. அவள் மலையில் கொழுந்து பறித்தாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. காம்பரா என்கிற ஒற்றை அறை வீடுகளை வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தில் அதைப் பற்றி ஏழெட்டு வருடம் பேசிவிட்டு, அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

இந்தியா, இலங்கை இரண்டு அரசாங்கங்களும் தோட்டத் தமிழர்களான எங்களைப் பங்கு பிரித்துக்கொண்ட காலம் அது. இத்தனை பேர் இந்தியாவுக்கு, இத்தனை பேர் இலங்கைக்கு என்று ஒப்பந்தம். கல்யாணமான புதிதில் நான் இந்தியாவுக்கு என்று மனு எழுதிப் போட்டிருந்தேன். அவளைக் கேட்டேனா என்று இப்போது யோசித்துப் பார்க்கிறேன். கேட்கவில்லை. எல்லோரும் எழுதினார்கள், நானும் எழுதினேன். பிறகு அதை மறந்தும் போனேன். மாவும் அரிசியும் கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த பஞ்சம் முடிந்த மறு வருடம், கண்டியிலிருந்து கடிதம் வந்தது. பாஸ்போர்ட் தயார். கார்த்திகையில் கப்பல்.

கடிதத்தை நான் வாசித்துக் காட்டியபோது அவள் அடுப்பில் ரொட்டி புரட்டிக்கொண்டிருந்தாள். அழுவாள் என்று நினைத்தேன். "இன்னம் மூணு மாசம் இருக்கு" என்று மட்டும் சொன்னாள். ரொட்டியை எடுத்துத் தட்டில் போட்டுவிட்டு, சம்பல் அரைக்க உட்கார்ந்தாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் பங்களாச் சமையல்காரர் எங்கள் லயத்துப் பக்கம் வந்தார். முன்பிருந்த வெள்ளைக்காரத் துரையிடம் இருபது வருடம் சமைத்தவர். துரை ஊருக்குப் போன பிறகு பேச ஆளில்லாமல், யார் வாசலிலாவது உட்கார்ந்து பங்களாக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். அன்றைக்கு எங்கள் வாசல். துரை குடும்பம் உலக முடிவு என்று பெயர் வைத்த மலை விளிம்புக்குப் பிக்னிக் போன கதை. இவர் சாப்பாட்டுக் கூடையைச் சுமந்துகொண்டு பின்னால் போயிருக்கிறார்.

"நடந்துகிட்டே இருக்கோம். ஒரே புல்லுக்காடு. காத்துல மரமெல்லாம் குட்டையா முறுக்கிக்கிட்டு நிக்கிது. திடீருன்னு பாத்தா தரை இல்ல" என்றார். "கேக்கு வெட்டுன மாதிரி மலைய வெட்டி வச்சிருக்கு. எட்டிப் பாத்தா கீழ வேற ஊரு. நம்ம பக்கமாட்டம் பச்சை இல்ல, ஒரே செம்மண்ணு, காஞ்ச காடு. ரொம்பத் தூரத்துல கடலு, கோடு கிழிச்ச மாதிரி."

என் மனைவி கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். "எம்புட்டு நேரம் பாத்தீங்க?"

"கூடைய எறக்கி வச்சிட்டு ஒரு எட்டு எட்டிப் பாத்தேன். அதுக்குள்ள தொரசாணி கூப்புட்டுருச்சு."

"அம்புட்டுத்தானா?"

"நான் என்ன பாக்கவா போனேன்? சாப்பாடு போடப் போனேன்" என்றார் அவர்.

அவர் போன பிறகும் அவள் முறத்தைத் தொடவில்லை. சாயங்காலம் நான் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னாள். "நான் பொறந்தது இந்த லயம். வாக்கப்பட்டு வந்தது நாலு காம்பரா தள்ளி. பசறைக்கும் பதுளைக்கும் போயிருக்கேன். ஒரு தடவ பண்டாரவளை ஆஸ்பத்திரிக்கு. இம்புட்டுத்தான் நான் பாத்த சிலோன். இங்கருந்து போறதுக்குள்ள அந்த எடத்த எனக்குக் காட்டுங்க. வேற ஒண்ணும் கேக்க மாட்டேன்."

கல்யாணமாகி அதுவரை அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. தோடு கேட்டதில்லை, சேலை கேட்டதில்லை. கேட்டால் கொடுக்க முடியாது என்று தெரிந்து கேட்காமல் இருந்தாளோ என்னவோ. "சரி, போவோம்" என்றேன். அந்தச் சமயத்தில் அது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

திட்டம் போடுவதில் அவள் என்னைவிடக் கெட்டிக்காரி. ஆவணி, புரட்டாசியில் எங்கள் பக்கம் கச்சான் காற்று வறட்டுத்தனமாக அடிக்கும். கொழுந்து குறைந்துபோகும். மழை இறங்கிவிட்டால் கொழுந்து கொட்டும், பிறகு யாருக்கும் லீவு கிடைக்காது. அதனால் புரட்டாசி முடிவதற்குள் போய்விட வேண்டும் என்று நாளைக் குறித்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக நடந்து பதுளை ஸ்டேஷனுக்கே போய், நாங்கள் கோச்சி என்று சொல்லும் ரயிலின் நேரம் கேட்டுக்கொண்டு வந்தாள். டிக்கட் கொடுக்கிறவர் சிங்களத்தில் சொன்னதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டே வந்து என்னிடம் ஒப்பித்தாள். "காலையில ஏறுனா மத்தியானம் ஒஹிய. உலக முடிவுக்கு அங்கதான் எறங்கணுமாம். அன்னைக்குப் போயித் தங்கணும். மறுநாள் விடியக்காலையில மலை ஏறணும். ஒம்பது மணிக்கெல்லாம் பனி மூடிருமாம். சமையக்காரரும் அதத்தான் சொன்னாரு."

தங்க இடமும் அவளே கண்டுபிடித்தாள். என் பெரியம்மா மகன், எனக்குத் தம்பி முறை, ஒஹியவில் ரயில் பாதை வேலை செய்துகொண்டிருந்தான். பெரியம்மா செத்த வீட்டில் பார்த்தது, பிறகு தொடர்பே விட்டுப்போயிருந்தது. "ஒங்க தம்பி ஒருத்தரு ரோட்டு ரயிலுன்னு திரிஞ்சாரே, அவரு எங்க இருக்காரு?" என்று அவள்தான் கேட்டாள். நான் தபாலட்டை எழுதினேன். பத்தாம் நாள் பதில் வந்தது. 'அண்ணன் மதினி ரெண்டு பேரும் கட்டாயம் வாங்க. நான் லீவு போட்டுட்டு நானே கூட்டிட்டுப் போறேன். நாலரைக்குக் கிளம்பணும். கம்பளி கொண்டுவாங்க, குளிர் கொன்னுபோடும்.' அந்த அட்டையை அவள் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.

அடுத்தது சப்பாத்து. பிறந்ததிலிருந்து வெறுங்காலில் மலை ஏறியவளுக்கு தம்பி குளிரைப் பற்றி எழுதிய பிறகு, ஒஹியப் புல்வெளியில் கால் விறைத்துப்போகுமே என்று யோசனை வந்துவிட்டது. பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்து வாங்கினாள். முதலாளி, "யாருக்கு, மகளுக்கா? ஸ்கூல் ஸ்போர்ட்ஸா?" என்று கேட்டார். அவள் கூசாமல், "எனக்குத்தாங்க. மலை பாக்கப் போறோம்" என்றாள். நான் கடை வாசலில் நின்று எதிர்ப்புறக் கடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி சிரிக்கவில்லை. அளவுக்கு இரண்டு சோடி எடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார், நூலை எப்படிக் கட்டுவது என்றும் காட்டிக் கொடுத்தார். அன்றிலிருந்து தினம் சாயங்காலம் காம்பராக் கதவைச் சாத்திக்கொண்டு, சப்பாத்தைப் போட்டு அடுப்புக்கும் கதவுக்குமாக நடந்து பழகினாள். வாத்து மாதிரி நடந்தாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்தாள். அந்த இரண்டு வாரம் எங்கள் வீட்டில் இருந்த சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

லீவு கேட்பது ஒன்றுதான் பாக்கி. அதுதான் என்னைக் குடைந்துகொண்டே இருந்தது.

வெளியாட்களுக்கு இது புரியாமல் இருக்கலாம். தோட்டத்தில் புருசனும் பெண்சாதியும் சேர்ந்து லீவு போட்டுவிட்டு வெளியே போவதற்குக் காரணங்கள் எண்ணி நாலுதான். எழவு, கல்யாணம், கோயில், ஆஸ்பத்திரி. இந்த நாலுக்கும் வெளியே ஐந்தாவதாக ஒன்று கிடையாது. ஊர் பார்க்கப் போவது துரைமார் சமாச்சாரம். யாரும் தடுத்து வைத்திருந்தார்கள் என்றில்லை. யாருக்கும் தோன்றியதில்லை, அவ்வளவுதான்.

"உள்ளதச் சொல்லுங்க" என்றாள் அவள். "கப்பலேறப் போறோம், ஒரு எடத்தப் பாத்துட்டு வந்துர்றோம்னு சொல்லுங்க. என்ன, தூக்குலயா போட்ருவாங்க?"

"சொல்லிர்றேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சொல்லிர்றேன்னு சொல்றேன்ல" என்று எரிந்து விழுந்தேன்.

ஸ்டோரில் டீமேக்கர் ஐயா எனக்கு ஒன்றும் கேட்காமலே லீவு கொடுத்துவிட்டார். அவளுடைய லீவைத்தான் பெரட்டில் கேட்க வேண்டும். காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பேர் வாசித்து, வேலைக்குப் பிரித்து அனுப்பும் இடம் அது. மனைவிக்குப் புருசன்தான் கேட்பது வழக்கம். அன்றைக்கு நல்ல காற்று. ஆண்கள் ஒரு பக்கம், கூடையோடு பெண்கள் ஒரு பக்கம். நான் கணக்கப்பிள்ளை முன்னால் போய் நின்று லீவு கேட்டேன்.

"ரெண்டு பேருமா? மூணு நாளா?" என்று கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தார். "எங்க, எழவா, கல்யாணமா?"

"ரெண்டும் இல்லீங்க."

"பின்ன?"

ஆண்கள் வரிசையிலிருந்து ஒருவன், "புது மாப்பிள்ளைங்க, பொண்ண ஊரு சுத்திக் காட்டப் போறாரு" என்றான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. சும்மா வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஆனால் நாற்பது ஆண்களும் சிரித்தார்கள். ஒருத்தன் விசிலடித்தான். என் காது இரண்டும் சூடேறிப் போயிற்று.

"கதிர்காமங்க" என்றேன். "நேத்திக்கடன்."

சிரிப்பு பட்டென்று நின்றது. கணக்கப்பிள்ளை பேனையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். "முருகா. அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? மூணு நாள் பத்தாது, நாலு நாளா எடுத்துக்க" என்றார். விசிலடித்தவன் தலையைக் குனிந்துகொண்டான். பெண்கள் பக்கமிருந்து "அரோகரா" என்று ஒரு குரல் வந்தது. அவள் எந்த இடத்தில் நிற்கிறாள் என்று எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் நான் திரும்பவே இல்லை.

அன்றைக்கு ஸ்டோரில் கொழுந்தைப் பரப்பிக்கொண்டே எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். லீவு கிடைத்துவிட்டது, அதுதானே முக்கியம். ஒஹியவுக்குப் போய்விட்டு வந்து, எங்கே என்று யாராவது கேட்டால் கதிர்காமம் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. யாருக்கு நட்டம்? இதைச் சொல்லி அவளையும் சிரிக்க வைத்துவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

வீட்டு வாசலில் ஏழெட்டுப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள்.

நான் மறந்துவிட்டேன். எப்படி மறந்தேன் என்று இன்று வரை தெரியவில்லை. தோட்டத்திலிருந்து ஒருவர் கதிர்காமம் போகிறார் என்றால் அவர் தனக்காக மட்டும் போக முடியாது. போக வழியில்லாதவர்கள் எல்லோரும் தங்கள் நேர்ச்சையை அவர் கையில் கொடுத்துவிடுவார்கள். மஞ்சள் துணியில் முடிந்த காசு, சூடம், ஊதுபத்தி, பிள்ளையின் முதல் முடி. நானே சின்ன வயதிலிருந்து பார்த்த வழக்கம். அதிலும் நாங்கள் திரும்பி வராத ஊருக்குப் போகிறவர்கள். கடைசியாகக் கந்தனிடம் போகிறவர்கள் கையில் கொடுத்தால் தட்டாமல் கேட்பான் என்று ஒரு நம்பிக்கை வேறு.

அவள் வாசலில் ஒரு சுளகை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியாக அடுத்த காம்பராப் பெண் வந்தாள். அவள் பையனுக்கு மூன்று வயதில் காய்ச்சல் வந்து ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. இடுப்பிலேயே தூக்கிக்கொண்டு திரிவாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்ன வெள்ளித் தகட்டை எடுத்தாள். கால் மாதிரி வெட்டியது.

"பதுளைப் பத்தருட்ட சொல்லி அடிச்சது, மதினி. ரெண்டு வருசமா வச்சிருக்கேன். இவனத் தூக்கிக்கிட்டு என்னால அம்புட்டுத் தூரம் போக முடியல. நீங்க போறீங்கன்னு கேட்டதும் எனக்கு அழுகையே வந்துருச்சு" என்றாள்.

என் மனைவி அந்தத் தகட்டைக் கையில் வாங்கிக்கொண்டாள். அப்போதுதான் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

எல்லோரும் போன பிறகு நான் பேச்சைத் தொடங்கினேன். "இங்க பாரு. பதுளையிலயும் முருகன் கோயில் இருக்கு. கோச்சி ஏறப் போறப்ப அங்க எல்லாத்தையும் போட்டுருவோம். முருகன் ஒருத்தருதானே. நாம ஒஹிய போவோம்."

"அந்தக் காலையுமா?"

நான் சுளகைப் பார்த்தேன்.

"எந்தக் கையால அதப் பதுளையில போடுவீங்க? சொல்லுங்க. நாளைக்கு அந்தப் பையன் நடக்கலன்னா, நாம ஊரு பாக்கப் போனதுனாலதான்னு என் வாழ்நாள் பூரா எனக்குத் தோணும்." சுளகைத் தூக்கிச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள். "மூணு வார்த்தை. 'மலை பாக்கப் போறோம்'. அதக்கூடச் சொல்ல முடியலையா ஒங்களால?"

"எல்லாரும் சிரிச்சாங்க..."

"சிரிச்சா சிரிக்கட்டும். அவுங்களும் நாமளும் எத்தன நாளைக்கு ஒண்ணா இருக்கப்போறோம்?" என்றாள். அவள் குரல் உயரவே இல்லை. சப்பாத்தை மறுபடியும் கடைப் பெட்டியில் போட்டுத் தகரப் பெட்டிக்கடியில் தள்ளினாள்.

ஒஹியவுக்கு ஒரு தபாலட்டை போட்டிருக்க வேண்டும். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. எழுதாமல் விட்டுவிட்டேன். வெட்கம்தான் காரணம், வேறொன்றுமில்லை.

குறித்த நாளில் நாங்கள் கோச்சிக்குப் பதிலாகக் கதிர்காமத்துக்குப் பஸ் ஏறினோம். எல்ல என்ற ஊரைத் தாண்டிப் பள்ளத்தில் இறங்கும் பாதையில் பஸ் நிறைந்து வழிந்தது. அவள் நின்றுகொண்டு வந்தாள். எல்லக் கணவாய் பெரிய அழகு என்று சொல்வார்கள். அவள் பார்த்தது முன்னால் நின்றவரின் முதுகைத்தான். வெல்லவாயாவில் இறங்கியபோது அனல் முகத்தில் அடித்தது. முள்ளுக்காடும் செம்மண்ணும் வெடித்துக் கிடந்த குளமும். சமையல்காரர் மேலிருந்து பார்த்ததாகச் சொன்ன காய்ந்த ஊர் இதுதான் என்று எனக்குப் பட்டது. அவளுக்கும் பட்டிருக்க வேண்டும். வெகு நேரம் அந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கதிர்காமத்தில் திருவிழா இல்லாத காலம். கூட்டம் இல்லை. மாணிக்க கங்கையில் முழங்கால் அளவுத் தண்ணீர். குளித்துவிட்டு ஈரச் சேலையோடு போய், ஒவ்வொரு முடிச்சாக எடுத்து, கொடுத்தவர் பெயரைச் சொல்லிச் சொல்லிப் போட்டாள். ஒன்றுகூடத் தவறவில்லை. வெள்ளித் தகட்டுக் காலை நெற்றியில் ஒற்றிக்கொண்டு, அந்தப் பையன் பெயரை மூன்று தடவை சொன்னாள். எங்கள் இருவருக்கும் என்று அவள் எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. நான் கேட்டேன். மழை தள்ளிப்போக வேண்டும், இன்னொரு லீவு கிடைக்க வேண்டும் என்று கேட்டேன்.

திரும்பும்போது வெல்லவாயாவில் பஸ்ஸுக்குக் காத்திருந்தோம். வடக்கே எங்கள் மலைகள் சுவர் எழுப்பினாற்போல் நின்றன. இத்தனை வருடம் அதற்குள்ளேயே இருந்ததால் அதை வெளியிலிருந்து பார்த்ததில்லை. அவள் கையை நெற்றிக்கு மேல் வைத்துக்கொண்டு, "உலக முடிவு அதுல எது?" என்று கேட்டாள். மூன்று நாளில் அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

எனக்குத் தெரியாது. ஆனாலும் மேற்குப் பக்கம் உயரமாக ஒரு மலையைக் காட்டி, "அதோ, அதுதான்" என்றேன்.

அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "கீழ இருந்து பாத்தா எல்லாம் வெறும் மலைதான்" என்றாள். பஸ் வந்தது, ஏறினோம்.

முருகன் என் வேண்டுதலைக் கேட்கவில்லை. நாங்கள் வந்த மூன்றாம் நாளே மழை பிடித்துக்கொண்டது. ஒரே வாரத்தில் மலை பூராவும் கொழுந்து. ஞாயிற்றுக்கிழமைகூட வேலைக்குக் கூப்பிட்டார்கள். நான் வெட்கத்தை விட்டுக் கணக்கப்பிள்ளையிடம் தனியாகப் போய் இரண்டு நாள் லீவு கேட்டேன். "இப்பத்தானேப்பா நாலு நாள் போயிட்டு வந்த, கொழுந்து முத்திக் கெடக்கு" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. அதன் பிறகு பெட்டி வாங்க, சாமான் விற்க, கண்டிக்குப் போய்க் கையெழுத்துப் போட என்று நாள் ஓடிப்போயிற்று. உலக முடிவைப் பற்றி நான் பேச்சை எடுத்தால், "பெட்டிக்குப் பூட்டு வாங்கணும்" என்று வேறு பக்கம் போய்விடுவாள்.

இந்தியக் கப்பலுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் கோச்சிக்கு எங்கள் பக்கம் அழுகைக் கோச்சி என்று பெயர். பதுளை ஸ்டேஷனில் எங்கள் லயமே வந்திருந்தது. பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். அடுத்த காம்பராப் பெண் பையனை என் மனைவி கையில் கொடுத்துவிட்டுக் கட்டிப்பிடித்து அழுதாள். பையனுடைய கால் அப்படியேதான் இருந்தது. என் மனைவி எல்லோருக்கும் ஆறுதல் சொன்னாள். அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. கல்நெஞ்சுக்காரி என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது.

பண்டாரவளை, அப்புத்தளை என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஏறுகிறவர்களும் அழுகிறவர்களும். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். ஒஹிய வந்ததும் எதிர்க் கோச்சிக்காக வண்டியை நிறுத்திவிட்டார்கள். நான் பலகையைப் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

"அண்ணே! மதினி!"

தம்பி ஓடிவந்து கொண்டிருந்தான். அழுகைக் கோச்சி நிற்கும்போதெல்லாம் தெரிந்த முகம் இருக்கிறதா என்று வந்து பார்ப்பானாம். பேரிக்காய்ப் பையொன்றை ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"அன்னைக்கு என்னண்ணே ஆச்சு? வந்த ரெண்டு கோச்சியும் பாத்தேன். வீட்டுல ரொட்டி சுட்டு வச்சிருந்தா. ஒடம்புக்கு முடியலையோன்னு பயந்துட்டோம்" என்றான்.

நான் ஏதோ முனகினேன். அவள்தான் பதில் சொன்னாள். "ஒரு நேத்திக்கடன், தம்பி. தட்ட முடியல."

"அதுசரி. சாமி காரியம்" என்றான். பிறகு கள்ளங்கபடமில்லாமல் சொன்னான். "ஆனா மதினி, லீவு போட்டாச்சு, சும்மா எதுக்கு இருக்கணும்னு மறுநாள் விடியக்காலையில நான் மட்டும் ஏறிப் போனேன். இந்தப் பதினஞ்சு வருசத்துல நான் அப்படிப் பாத்ததே இல்ல. ஒரு பொட்டுப் பனி இல்ல. பத்து மணி வரைக்கும் மூடவே இல்ல."

எதிர்க் கோச்சி வந்து நின்றது. எங்கள் வண்டி ஊதியது.

அவள் இரண்டு கையாலும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "என்னென்ன தெரிஞ்சிச்சு? சொல்லுங்க தம்பி."

"எல்லாமே மதினி. கீழ ஒரு கொளம், கண்ணாடி மாதிரி. அதுக்குப் பக்கத்துல வயலு..."

வண்டி அசைந்தது. அவன் கூடவே நடந்தான்.

"அப்புறம்?"

"ஒரு வீட்டுல பொகை போறதுகூடத் தெரிஞ்சிச்சு. ஒரு லொறி போச்சு, எறும்பாட்டம்..."

"கடலு? கடலு தெரிஞ்சிச்சா?"

அவன் ஓட ஆரம்பித்தான். வாயைத் திறந்து பெரிதாக ஏதோ சொன்னான், கையை விரித்துக் காட்டினான். இஞ்சின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. மேடை முடிந்து அவன் நின்றுவிட்டான். அங்கேயே நின்று கையை ஆட்டியபடி இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தான்.

அவள் உட்கார்ந்தாள். பையை மடியில் அணைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள். வாய்விட்டு அழுதாள். எதிரே இருந்த கிழவி, "தாய் தகப்பன நெனச்சுக்கிட்டியா ஆயி, அழு, அழுதா தீரும்" என்று முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எதற்கு அழுகிறாள் என்று அந்தப் பெட்டியில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அவள் தோளைத் தொட எனக்குத் துணிவு வரவில்லை. அப்போதும் பெட்டியில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தியாவில் எங்களுக்குத் திண்டுக்கல் பக்கம் வீடு அமைந்தது. கொடைக்கானல் பஸ் எங்கள் தெரு முனையில்தான் நிற்கும். போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று வருடத்துக்கு ஒரு தடவையாவது கேட்டேன். ஊரார் முன்னாலேயே சத்தமாகக் கேட்டேன். ஒவ்வொரு தடவையும், "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு வேலை கெடக்கு" என்றாள்.